திருநாள் இல்லாத இரவில் கார்த்திகை

கார்த்திகை தீபத்தன்று கார்த்திகை தெரியாது. வாசலில் அகல் வரிசை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற யாருக்கும் இது தெரிந்ததுதான், ஆனால் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அன்றைக்கு முழுநிலா அந்த ஆறு விண்மீன் கொத்தின் பக்கத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் ஏறக்குறைய அதன் மேலேயே ஏறிவிடும். அந்த வெளிச்சத்தில் ஆறில் இரண்டு தேறினால் பெரிது. போதாததற்கு வடகிழக்குப் பருவமழை வேறு. கோவையில் கார்த்திகை மாதத்து வானம் முக்கால்வாசி நாள் கம்பளி போர்த்திக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு பெயரும் இருக்கிறது. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கும் அக்கினி நட்சத்திரம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்கினி. சூரியன் பரணியின் பின்பகுதியில் தொடங்கிக் கார்த்திகை முழுவதையும் தாண்டி ரோகிணியில் கால் வைக்கிற நாட்களே கத்திரி வெயில். அப்போது அந்தக் கொத்து சூரியனுக்குப் பின்னாலே, பட்டப்பகலில், நம் தலைக்கு மேலே இருக்கிறது. பழனியில் சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் கூட்டம் கூட்டமாகக் கிரிவலம் வருகிறார்கள். அவர்கள் சுற்றிவருகிற அந்த நாட்களுக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரம், ஆண்டிலேயே அந்தச் சில வாரங்களில்தான் கண்ணுக்குச் சுத்தமாக அகப்படாது.

ஆக, அதன் பெயரில் நாம் கொண்டாடுகிற பெரிய நாட்களில் ஒன்றில் நிலா மறைக்கிறது, இன்னொன்றில் சூரியன் மறைக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலவும் சூரியனும் அங்கே வந்து சேர்வதால்தான் அவை சிறப்பு நாட்களாயின. ஆனால் கொத்தையே ரசிக்க வேண்டும் என்றால் பஞ்சாங்கத்தில் ஒன்றும் எழுதாத ஓர் இரவைத்தான் தேட வேண்டும்.

சங்கப் புலவர்கள் இதை எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருந்தார்கள் என்பதற்கு அகநானூற்றில் நக்கீரரின் பாடல் ஒன்று உண்டு, 141ஆவது. மழை விலகிய வானம், நிலாவில் முயல் தெளிவாகத் தெரிகிறது, மதி நிறைந்து அறுமீனோடு சேர்கிறது, நேரம் நள்ளிரவு, தெருவில் விளக்கு. இந்தக் காட்சியில் அந்த நள்ளிரவுதான் எனக்குப் பிடித்த இடம். முழுநிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். ஆகவே நள்ளிரவில்தான் உச்சிக்கு வரும். நிலா அறுமீனோடு சேர்ந்து நிறைந்திருக்கிறது என்றால் இரண்டுமே அந்த நேரத்தில் தலைக்கு மேலே இருந்தாக வேண்டும். புலவர் அழகுக்காக இருட்டை இழுத்து வரவில்லை, கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் கொத்தின் ஒளியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. முயலைப் பார்த்தவர், மீன்களின் மினுக்கத்தைப் பாடவில்லை. பார்க்க முடியாததைப் பார்த்ததாகச் சொல்லாத நேர்மை அது.

கொத்தின் ஒளியைப் பார்த்தவர் வேறொருவர். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், முசுண்டைக் கொடி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதை அகன்ற வானத்துக் கார்த்திகையோடு ஒப்பிடுகிறார். முசுண்டை இரவில் மலர்கிற கொடி. இருட்டில் இலை தெரியாது, பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நெருங்கித் தெரியும். வரிசையாகத் தொடுத்த பூவாக இருந்தால் இந்த உவமை விழுந்துவிடும். கொடியில் கிடக்கிற பூவுக்கு வரிசை கிடையாது, கார்த்திகைக்கும் கிடையாது.

சரி, எப்போது பார்ப்பது?

கொங்கு நாட்டில் இதற்கு ஏற்ற காலம் தையும் மாசியும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் காலத்துப் புழுதி இன்னும் கிளம்பியிருக்காது. தை மாதம் முதல் வாரங்களில் இரவு எட்டேகால் மணி வாக்கில் கொத்து உச்சிக்கு வந்துவிடுகிறது. கோவை நில நடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே. கொத்து வானில் 24 பாகை வடக்கே. ஆகவே உச்சிக்குச் சற்று வடக்கே, 13 பாகை சரிந்து நிற்கும். மொட்டைமாடியில் பாயை விரித்து, வடக்கே கால் நீட்டிப் படுத்தால் கழுத்து வலிக்காது. ஐரோப்பாக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்களுக்கு அது சாய்ந்தே நிற்கும். நமக்குத் தலைக்கு மேலே, காற்றின் மிக மெல்லிய படலத்துக்கு அப்பால் தெரிகிறது.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிறவர்களுக்கு இது தெரியும் என்று நினைக்கிறேன். உடுமலைச் சாலையில் முன்னிரவில் நடக்கிறவர்களின் தலைக்கு மேல்தான் அது நிற்கிறது. பூசம் என்கிற நட்சத்திரமும் ஒரு கொத்தை நடுவில் வைத்துக்கொண்டிருப்பதுதான், கடக ராசியில், மங்கலான ஒரு புகைத் திட்டாகத் தெரிவது. முருகனுக்கு உகந்த இந்த இரண்டு நட்சத்திரங்களுமே திறந்த விண்மீன் கொத்துகள் இருக்கிற இடம் என்பது தற்செயல்தான். ஆனாலும் தைப்பூசத்தன்று முழுநிலா அந்தக் கொத்தின் பக்கத்திலேயே போய் நின்று அதையும் மறைத்துவிடுகிறதே, அதை என்ன சொல்வது!

இடம் கண்டுபிடிப்பது சுலபம். தெற்கே பார்த்தால் நேர்கோட்டில் மூன்று விண்மீன் தெரியும். அந்தக் கோட்டை வலப்பக்கம் மேலே நீட்டினால் செம்மஞ்சளாக ஒன்று, அது ரோகிணி. அதே வழியில் இன்னும் கொஞ்சம் போனால் கண் ஒரு நொடி தடுமாறும். விண்மீனா, மேகத் துணுக்கா என்று. அதுதான்.

பெரும்பாலானவர்கள் இங்கே எண்ணத் தொடங்கி, எண்ணி முடித்ததும் போய்விடுகிறார்கள். ஆறா ஏழா என்கிற பஞ்சாயத்து உலகம் முழுக்க இருக்கிறது. கிரேக்கர்களுக்கு ஏழு சகோதரிகள், நமக்கு ஆறு தாய்மார். நம் கதைதான் கண்ணுக்கு நியாயமானது. எளிதாகத் தெரிவது ஆறுதான்: அல்சயோனி, அட்லஸ், எலக்ட்ரா, மையா, மெரோப்பி, டைகெட்டா. பெயர்கள் கிரேக்கம், வானியல் நூல்களில் இவையே நிலைத்துவிட்டன. ஆறாவதான டைகெட்டாவுக்குப் பிறகு ஒளி சட்டென்று ஒரு படி இறங்குகிறது. டைகெட்டாவின் ஒளியளவு 4.3, அடுத்து வருகிற பிளையோனி 5 வாக்கில். இந்த அளவுமுறையில் எண் கூடினால் ஒளி குறைவு. அந்த ஒரு படிதான் ஆறில் நிறுத்திவிடுகிறது. ஆனால் நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு, ஆறோடு நிற்காது. படியைத் தாண்டிய கண் ஏழில் நிற்பதில்லை. எட்டு, ஒன்பது என்று போய்விடும். ஏழு மட்டும் தெரிகிற கண் அபூர்வம்.

பல்லடம் பக்கம் எங்கள் காட்டில் பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் முறை ராத்திரியில்தான் வந்து வாய்க்கும். மடை திருப்ப அப்பாரு போகும்போது டார்ச் பிடிக்க நானும் போவேன். தண்ணீர் பாத்தியை நிரப்புகிற வரை வேலை இல்லை. வரப்பில் உட்கார்ந்து மேலே பார்ப்பார்.

"ஆறு எண்ணீட்டியா கண்ணு?"

"அஞ்சுதானுங்க அப்பாரு."

"அதுமேலயே கண்ணக் குத்த வெக்காத. கொஞ்சம் பக்கத்துல பாரு, தானா வரும்."

வந்தது. மருத்துவப் புத்தகம் சொல்லும் காரணம் இதுதான்: விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் உரியது, மங்கிய வெளிச்சத்துக்குச் சுற்றுப்பகுதிதான் கூர்மை. நேரே பார்த்தால் மறைகிற மீன், ஓரக்கண்ணில் எழுந்து வரும். டார்ச்சை அணைத்துவிட்டு இருபது நிமிடமாவது இருட்டில் இருந்தால்தான் அந்தச் சுற்றுப்பகுதி முழுதாக விழிக்கும். செல்போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

எண்ணிக்கை போகட்டும், இடைவெளிகளைப் பாருங்கள். கொத்தின் மேற்குப் பாதியில் நான்கு விண்மீன் ஒரு கோணல் சதுரமாக நிற்கின்றன: எலக்ட்ரா, மையா, மெரோப்பி, அல்சயோனி. நான்கும் நான்கு அளவு ஒளி. எல்லாவற்றிலும் பிரகாசமான அல்சயோனி கிழக்கு மூலையில், ஒளியளவு 2.9. மெரோப்பி தெற்கு மூலையில் கொஞ்சம் மங்கல். சதுரத்துக்கு வெளியே வடமேற்கில் டைகெட்டா, தனியாக, ஆனால் விலகிப் போய்விடாமல். கிழக்கே அல்சயோனிக்கு அப்பால் ஒரு வெற்றிடம், அதற்குப் பிறகு அட்லஸ். அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் இது ஒரு குவியல், அவ்வளவுதான். கூட்டத்திலிருந்து ஓர் எட்டுத் தள்ளி ஒன்றை நிறுத்தியதால்தான் மொத்தத்துக்கும் ஓர் உருவம் வந்துவிடுகிறது. டைகெட்டாவிலிருந்து அட்லஸ் வரை ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலா அகலம். மனதில் நாம் வைத்திருக்கிற கார்த்திகை இதைவிடச் சிறியது, நாம் வைத்திருக்கிற நிலா உண்மையைவிடப் பெரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

அட்லஸுக்கு வடக்கே, ஒட்டிக்கொண்டு, பிளையோனி. இருவருக்கும் இடையே 5 கலைதான். ஒரு பாகையில் 60 கலை. திருமணத்தில் அருந்ததி காட்டுகிறார்களே, அங்கே வசிட்டருக்கும் அருந்ததிக்கும் இடைவெளி 12 கலை. அதில் பாதிக்கும் குறைவு இங்கே. பிளையோனி மங்கலும் கூட என்பதால் அட்லஸின் ஒளி அதை விழுங்கிவிடுகிறது. அருந்ததி இங்கே நினைவுக்கு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பரிபாடலின் ஐந்தாம் பாட்டில் முருகன் பிறப்பைச் சொல்கிற கடுவன் இளவெயினனார், ஏழு முனிவரின் மனைவியரில் அருந்ததி நீங்கலாக மற்ற ஆறு பேரைத்தான் தாய்மாராக்குகிறார். ஏழில் ஒருத்தி கணவனோடு வடக்கே தங்கிவிட்டாள். ஆறு பேர் இங்கே வந்துவிட்டார்கள். காணாமல் போன ஏழாவது எங்கே என்று மற்ற நாட்டுக் கதைகள் தேடிக்கொண்டிருக்க, நம்மிடம் அவளுக்கு முகவரியே இருக்கிறது. அங்கேயும் ஒளி மங்கிய ஒருத்தி ஒளி மிகுந்த ஒருவனை ஒட்டி நிற்கிறாள், இங்கேயும் அதுவே. கண்ணைச் சோதிக்கிற இரண்டு இடமும் ஒரே கதையில் வந்துவிட்டன.

பிளையோனி நிலையான ஒளி உள்ளது இல்லை. தன்னைத்தானே மிக வேகமாகச் சுற்றுகிறது. நடுப்பகுதி பிதுங்கி, அங்கிருந்து வாயு கழன்று வட்டத் தட்டாகச் சூழ்ந்துகொள்கிறது. தட்டு பெருக்கும், மெலியும், மறுபடி வரும். அதற்கேற்ப ஒளியளவு 4.8க்கும் 5.5க்கும் இடையே ஏறி இறங்குகிறது. 5.5 என்பது கிராமத்துக் கண்ணுக்கும் விளிம்பு. ஒரு தலைமுறையில் தெரிந்தது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகலாம். ஆறா ஏழா என்கிற வழக்கில் இரு தரப்பும் உண்மை சொல்லியிருக்க இடமுண்டு.

இனி இருகண்நோக்கி. 7×50 அல்லது 10×50 போதும். தொலைநோக்கி வேண்டாம் என்பது என் கட்சி. பெரிய தொலைநோக்கியில் பார்வைப்புலம் சுருங்கிக் கொத்து உடைந்துவிடும்; ஒவ்வொன்றாகத் தெரியும், கூட்டம் தெரியாது. 1610இல் கலிலியோ தன் சிறிய கருவியில் பார்த்து 36 விண்மீன்களை வரைந்தார். பழக்கமான ஆறை இரட்டைக் கோட்டில் பெரிதாகவும் புதிதாக வந்தவற்றைச் சிறிதாகவும் போட்டிருப்பார். இன்றைக்கு ஒரு சாதாரண இருகண்நோக்கியில் அதைவிட அதிகமே தெரிகிறது. இந்தக் குடும்பத்தில் மொத்தம் ஆயிரத்துக்கும் மேல்.

முதலில் வருவது நிறம். வெறுங்கண்ணுக்கு வெள்ளையாக இருந்தது இப்போது நீலம் கலந்த வெள்ளை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் ரோமானியர்களுக்குப் போன பெரில் கற்கள் கிடைத்தன. நொய்யல் கரையில் கொடுமணலில் அந்தக் கல்லில் மணி செய்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்தக் கல்லில் நிறம் இருப்பதும் இல்லாததுமாகத் தோன்றுமே, அந்த நீலம். காரணம் வெப்பம். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 பாகை செல்சியஸ்; அல்சயோனி 12,000ஐத் தாண்டுகிறது.

அடுத்தது பின்னல். அல்சயோனிக்குத் தெற்கே, சற்றுக் கிழக்காக, சின்னச் சின்ன விண்மீன்கள் ஒரு வளைகோடாக இறங்குகின்றன. மேல்நாட்டு ரசிகர்கள் இதை அல்சயோனியின் ஜடை என்பார்கள். கொத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் போவது எனக்குப் புரிவதே இல்லை. முதல் பார்வையில் இது இருக்காது. ஆறு பெரியவர்களைப் பார்த்து அலுத்து, கருவியை எடுத்துவிடலாம் என்கிற நேரத்தில்தான் தெரியும். தெரிந்த பிறகு மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். அல்சயோனிக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு முக்கோணம் வேறு, அதற்குச் சின்னத் தொலைநோக்கி வேண்டும். மையாவுக்கு வடக்கே ஸ்டெரோப்பி, ஒன்றல்ல இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மங்கல் புள்ளி.

இந்த நெருக்கம் வெறும் பார்வை மயக்கமா, உண்மையான உறவா என்று முதலில் கணக்குப் போட்டவர் ஜான் மிச்செல் என்கிற ஆங்கிலப் பாதிரியார். 1767இல், இத்தனை பிரகாசமான ஆறு விண்மீன் தற்செயலாக இப்படிக் கூடுவதற்கு ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்றார். ஆகவே உறவு. பின்னாளில் வானில் அவை நகர்கிற திசையும் வேகமும் ஒன்றே என்று தெரிந்து அது உறுதியானது. எவ்வளவு தொலைவு என்பதில் வானியலாளர்கள் கொஞ்ச காலம் சண்டை போட்டார்கள்; இப்போது சுமார் 440 ஒளியாண்டு என்பதில் பெரும்பாலும் சமாதானம். கொங்கில் மதுரை நாயக்கர்களின் பாளையங்கள் இருந்த காலத்தில் புறப்பட்ட ஒளியைத்தான் இன்று மாடியில் படுத்துப் பார்க்கிறோம்.

வயதுதான் சுவையானது. இவர்களுக்குப் பத்துக் கோடி ஆண்டுக்குச் சற்று மேல். சூரியனுக்கு 460 கோடி. சூரியனுக்கு 46 வயது என்று வைத்துக்கொண்டால் இதற்கு ஒரு வயது முடிந்து சில மாதம். முருகனுக்குப் பாலூட்டியதாகச் சொல்லும் தாய்மாரே தவழ்கிற குழந்தைகள்! பக்கத்து ரோகிணியைச் சுற்றி ஒரு முக்கோணக் கூட்டம் தெரிகிறதே, அதுவும் திறந்த கொத்துதான். 60 கோடி ஆண்டைத் தாண்டியது, வெறும் 150 ஒளியாண்டுத் தொலைவில். ரோகிணி விண்மீன் மட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. வழியில் குறுக்கே நிற்கிறது. இரண்டு கொத்தையும் ஒரே பார்வையில் வைத்துப் பாருங்கள். கார்த்திகை இறுக்கமாக, நீலமாக. ரோகிணிக் கூட்டம் தளர்ந்து, மஞ்சள் ஏறி. பிறந்த வீட்டில் இருக்கிற பிள்ளைகளும், பிரிந்துபோகத் தொடங்கிவிட்ட குடும்பமும். கார்த்திகையும் இன்னும் இருபது முப்பது கோடி ஆண்டில் கலைந்து தனித்தனியே போய்விடும். நிலா ஒவ்வொரு மாதமும் கார்த்திகையிலிருந்து ரோகிணிக்கு ஒரே நாளில் போய்விடுகிறது.

படங்களில் இந்தக் கொத்தைப் பார்த்தவர்கள் நேரில் பார்த்து ஏமாறுவது உண்டு. படத்தில் ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி நீலப் புகை, அதிலும் மெரோப்பியைச் சுற்றிச் சீவிவிட்டது போலக் கீற்றுக் கீற்றாக. கண்ணுக்கு அது அகப்படாது. 1859இல் அதை முதலில் பார்த்தவர் வில்லெம் டெம்பல், வெனிஸ் நகரில். தொழில்முறையில் அவர் கல்லச்சு ஓவியர். கையில் இருந்தது நான்கு அங்குலத் தொலைநோக்கி. மெரோப்பிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற ஆவி போல ஒரு கறை இருக்கிறது என்றார். பெரிய தொலைநோக்கிக்காரர்கள் பலர் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அவர்களின் கருவி அந்த மங்கலைப் பரப்பிக் கரைத்துவிட்டது. படம் வரைந்து பழகிய கண்ணும் சின்னக் கருவியும் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு புகைப்படம் வந்து டெம்பல் பக்கம் சாட்சி சொன்னது.

1912இல் அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைபர் அந்தப் புகையின் நிறமாலையை எடுத்துப் பார்த்தார். தானாக எரிகிற வாயுவாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், பக்கத்து விண்மீனின் நிறமாலையே அச்சாக வந்தது. அதாவது அது வெறும் தூசு, இரவல் ஒளி. நீலத்தைத் தூசு அதிகமாகச் சிதறடிக்கிறது. நம் பகல் வானம் நீலமாக இருப்பதும் அந்த வகைச் சங்கதிதான். அந்தத் தூசு இவர்கள் பிறந்த வீட்டுத் தூசு என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். பத்துக் கோடி ஆண்டில் அது எப்போதோ போயிருக்கும். இது வழியில் எதிர்ப்பட்ட வேறொரு மேகம். கொத்து அதற்குள் புகுந்து போய்க்கொண்டிருக்கிறது. நாம் பார்க்கக் கிடைத்த காலத்தில் அது நடக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

மையாவைப் பற்றி ஒரு சங்கதி சொல்லாமல் விட மனமில்லை. 1955இல் ஓட்டோ ஸ்ட்ரூவ, மையாவின் ஒளி துடிக்கிறது என்று எண்ணி அதன் பெயரிலேயே ஒரு விண்மீன் வகையை முன்வைத்தார். 2017இல் கெப்ளர் விண்கலத் தரவை வைத்து இந்தப் பிரகாசமான ஏழையும் ஆராய்ந்தார்கள். கெப்ளர் மங்கலான விண்மீன்களுக்காகச் செய்தது. இவற்றின் ஒளி அதன் உணர்பரப்பில் நிரம்பி வழிந்துவிடும். ஆகவே வழிந்து சுற்றிலும் சிதறிய ஒளியை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மற்ற ஆறும் மெதுவாகத் துடிக்கின்றன. துடிக்காதது மையா மட்டும்தான்! அதன் ஒளி பத்து நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது, மேற்பரப்பில் இருக்கிற பெரிய மாங்கனீசுத் திட்டு நம் பக்கம் திரும்பி வருவதால்.

திருநாள்களில் மறையும் என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. நிலா 27 நாளுக்கு ஒருமுறை கார்த்திகைக்கு வருகிறது, அதுவே மாதாந்தரக் கிருத்திகை. மருதமலையிலும் சிவன்மலையிலும் சென்னிமலையிலும் அன்று கூட்டம். ஒவ்வொரு மாதமும் நிலாவின் அளவு வேறு. தைக் கிருத்திகையில் அரை நிலாவுக்கும் மேல். ஆடிக் கிருத்திகையில் நள்ளிரவுக்குப் பின் எழுகிற தேய்பிறை. பங்குனியில் வருவது நாலாம் பிறை, ஐந்தாம் பிறை. அந்தி முடிந்ததும் மேற்கு வானில் மெல்லிய பிறை, அதன் இருண்ட பகுதியிலும் பூமியின் ஒளி பட்டு மங்கலாக ஒரு வட்டம், பக்கத்தில் கொத்து. தீபத்தை எல்லோரும் கொண்டாடட்டும், என் ஓட்டு பங்குனிக் கிருத்திகைக்கு. 2023 தொடங்கி 2029 வரை நிலாவின் பாதை இந்தக் கொத்தின் மேலேயே போகிறது; உலகில் எங்காவது ஓரிடத்தில் மாதாமாதம் சில விண்மீன்களை மூடித் திறக்கிறது. பிறையின் இருண்ட விளிம்பு வந்து தொடும்போது விண்மீன் மங்கி அணையாது. இருக்கும், படக்கென்று இருக்காது.

பழைய கோவையில், டவுன்ஹால், ஆர்.எஸ்.புரம் பக்கம் இருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தற்செயலும் வாய்த்திருக்கிறது. இங்கே கார்த்திகை மறைவது நேர் மேற்கில் இல்லை. அதிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி. அந்தத் திசையில் கோடு போட்டால் அது ஏறத்தாழ மருதமலையில் போய் முட்டுகிறது. எலக்ட்ராப் பக்கம் முதலில் இறங்கும், அட்லஸ் கடைசி, இடையே நாலைந்து நிமிடம். யாரும் அளந்து கோயில் கட்டியதாக நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டம் இல்லை. ஊர் நகர்ந்தால் கோடும் நகர்ந்துவிடும். பீளமேட்டிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது.

2020 ஏப்ரல் 3ஆம் தேதி வெள்ளி இந்தக் கொத்துக்குள்ளேயே புகுந்து போனது. ஊரடங்கு தொடங்கிய இரண்டாவது வாரம்; ஆலைப் புகையும் அவினாசி சாலைப் புழுதியும் அடங்கியிருந்தன. இரண்டு நாள் கழித்து, 5ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு, நாடு முழுக்க ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார்கள். கோவையில் மாடிக்கு மாடி ஆள் நின்றது. அந்த நேரத்தில் மேற்கு வடமேற்கில், கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த ஒரு முட்டி உயரத்தில், வெள்ளியும் அதை ஒட்டிக் கீழே கார்த்திகையும். கார்த்திகை மாதம் இல்லாமல், நிலாவும் பக்கத்தில் இல்லாமல், ஊரே தீபம் பிடித்து நிற்க, கார்த்திகை கண்ணுக்குத் தெரிய நின்ற இரவு அதற்கு முன் எப்போது வந்தது என்று தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் எதிர்வீட்டு மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் பாதி நேரம் அப்படித்தான்.

வெள்ளி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதியில் அதே இடத்துக்கு வரும். 2012இல் வந்தது, 2020இல் வந்தது, அடுத்தது 2028 ஏப்ரல் முதல் வாரம். ஊரடங்கு இருக்காது, ஆகவே தெருவிளக்கும் அணையாது. மேற்கே அடுக்குமாடி மறைக்காத மொட்டைமாடி வடவள்ளிப் பக்கம் யார் வீட்டில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.